குளத்து நடுவே நடந்த வழக்கு

நம்ம பாட்டன் பூட்டன் யாரும் பிறக்காத காலத்துல, கொற்றவயல் சீமையை மல்லப்பராசா ஆண்டுக்கிட்டிருந்தார். நல்ல மனுசர்தான். ஆனா நினைச்சா நினைச்சதுதான். போன தேரோட்டத்தப்போ திருநீறு வாங்கக் குனிஞ்சவருக்கு இடுப்புக் கச்சை பட்டுனு அறுந்து போச்சு. ஊரே பார்த்தது. அன்னைக்குப் பிடிச்சது பித்து. அடுத்த தேருக்குள்ள உடம்பு கட்டா இருக்கணும்!

"கல்லு தூக்குங்க மகாராஜா, தோள் இரும்பாகும்"னார் சூரப்ப தளவாய்.

"நீச்சலடிங்க மகாராஜா, இடுப்பு மூங்கிலாகும்"னார் மருதையா வைத்தியர்.

எதைச் செய்றது? அதிரசத்தைக் கடிச்சுக்கிட்டே ராசா இந்த வாதத்தைக் கேட்டார், கேட்டார், பத்து மாசம் கேட்டார். கல்லையும் தொடலை, தண்ணியையும் தொடலை. சபையில இருந்தவங்களுக்குக் கொட்டாவி விட்டு விட்டுத் தாடையே வலிச்சது.

எல்லாரையும்விட அலுத்துப் போனவர் மந்திரி ஆவுடையப்பர். எழுபது வயசு. மகள் வீட்டுக்குப் போய்ச் சாஞ்சு கிடக்கணும்னு மூணு தடவை விடை கேட்டார், ராசா விடலை.

"இந்த வழக்கைத் தீர்த்துட்டுப் போங்க ஆவுடையப்பரே. தேருக்கு ஐம்பது நாள் இருக்கு."

மந்திரி நாற்காலி மேல ரொம்ப நாளாக் கண்ணு வச்சிருந்த தளவாய் இதுதான் சமயம்னு எழுந்தார். "தீர்க்கலைன்னா, தேர் ஓடுற நாலு வீதியும் இவர் கல்லு சுமந்து வரணும். சம்மதமா?"

"சரிதான்" என்று ராசாவும் தலையாட்டிட்டார்.

மந்திரி ஒரு பெருமூச்சு விட்டார். "ஆகட்டும். ஆனா வழக்கை முறையா விசாரிக்கணும். தெப்பக்குளத்து மைய மண்டபத்துல, ராசா முன்னாடி. தெப்பம் சாமிக்கு மட்டும்தான், அதனால மனுசங்க நீந்தித்தான் போகணும். ஒவ்வொரு வாதத்துலயும் யார் கை ஓங்குதோ, அவர் பக்கம் ராசாவே தன் கையால ஒரு கல்லை எடுத்து வைக்கணும்."

மறுநாள் ராசா மூச்சு வாங்க நீந்திப் போய்ச் சேர்ந்தார். இடுப்புல முடிஞ்சு வந்த அதிரசம் கரைஞ்சே போச்சு. அங்கே கிடந்ததெல்லாம் மண்டபம் கட்டினப்போ மிஞ்சின உருண்டைக் கல்லுங்க.

"என்னய்யா இது, ஒவ்வொண்ணும் பலாப்பழமாட்டம்?" என்று கத்தினார்.

"ராசா கூழாங்கல்லை வச்சா ஊர் சிரிக்காதா?" என்று கரையில இருந்து குரல் கொடுத்தார் மந்திரி.

தளவாய்க்கு நீச்சல் தெரியாது. வாழைத்தண்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, வாயில போன தண்ணியைத் துப்பித் துப்பி வந்து சேர்ந்தார்.

மந்திரி கரையில இருந்தபடியே தினமும் ஒரு கேள்வி எழுப்பிவிடுவார். மழைக்காலத்துல எது நல்லது? சாப்பிட்டதும் எது ஆகாது? உடனே மண்டபத்துல தளவாயும் வைத்தியரும் மல்லுக்கு நிப்பாங்க. ராசா இந்தப் பக்கம் பத்துக் கல்லு, அந்தப் பக்கம் பத்துக் கல்லு தூக்கி வைப்பார். சாயங்காலம் நீந்தித் திரும்பினா ஒரு செம்பு கஞ்சி, அவ்வளவுதான், தூக்கம். இப்படியே நாற்பத்தெட்டு நாள் போச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் ராசா பின்னாலேயே தளவாயும் கரையேறினார். "தேர் நாளை மறுநாள். தீர்ப்பு எங்கே? கல்லைச் சுமக்கட்டும் மந்திரி!"

ஆவுடையப்பர் படிக்கட்டுல உட்கார்ந்தபடியே சொன்னார், "ராசா, கொஞ்சம் குனிஞ்சு தண்ணியைப் பாருங்க."

பார்த்தார். தோள் திரண்டிருந்தது. தொப்பை இருந்த இடம் தட்டையா இருந்தது. "அடேயப்பா, யாரய்யா இது? சரி, இதுல ஜெயிச்சது எது?"

"கல்லு தூக்கினது தோள்ல இருக்கு, நீந்தினது இடுப்புல இருக்கு. தனித்தனியாப் பிரிச்சுக் காட்ட எனக்குத் தெம்பில்லை ராசா."

"இது தந்திரம்!" என்று குதிச்சார் தளவாய்.

ராசா சிரிச்சார். "தந்திரம்தான். நாற்பத்தெட்டு நாளும் வாழைத்தண்டைக் கட்டிக்கிட்டு மிதந்தியே, உனக்கு ஏன் உறைக்கலை? நாலு வீதியும் இப்ப நீதான் கல்லு சுமக்கணும்!"

"வேணாம் ராசா" என்று கையெடுத்தார் மந்திரி. "அவர் சுத்தி முடிக்கிற வரைக்கும் நானும்ல நிக்கணும், கால் கடுக்குது."

தளவாய் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டார். ராசா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டு, விடையும் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் முகம் வாடிச்சு. "இனிமே ஒரு குழப்பம்னா நான் யாரைக் கேட்பேன்?"

"மண்டபம் அங்கேயேதான் இருக்கு ராசா" என்று சொல்லிட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டு, மகள் ஊர்ப் பாதையில மெள்ள நடந்தார் ஆவுடையப்பர்.

ராசா அங்கே நீந்தட்டும். நாம இங்கே கொஞ்சம் காலை நீட்டிக்குவோம்.