கிருமிகள் வாசனை பார்த்து விஷம் கக்குவது ஏன்?

அந்தக் காலத்தில், கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் பேசிக்கொண்டிருந்தபோது, கிருமிகளுக்குப் பொறுமை என்பதே கிடையாது. புண்ணுக்குள் நுழைந்த உடனே விஷத்தைக் கக்கிவிடும். புண் எரியும். எரிச்சல் கண்டதும் ரத்தத்தின் காவலர்கள் ஓடிவந்து அவற்றை விழுங்கிவிடுவார்கள். அதனால் காயம் பட்டால் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை.

கழிமுகத்துச் சேற்றில் நீலி, குமிழி என்று இரண்டு கிருமிகள் இருந்தன. அக்கா தங்கை. ஒருநாள் சேற்றில் மட்டிச் சிப்பி பொறுக்க வந்த பேச்சியின் பாதத்தை ஒரு ஓடு கிழித்தது. இரண்டும் உள்ளே போயின.

குமிழிக்கு நல்ல பசி. "அக்கா, நான் ஆரம்பிக்கிறேன்" என்று விஷத்தைக் கக்கினாள். அவள் வாய் மூடுமுன் ஒரு காவலன் வந்து அவளை விழுங்கினான். பிறகு நீலியின் பக்கம் திரும்பினான்.

"நீயும் விஷக்காரியா?"

தொண்டைவரை வந்த விஷத்தை நீலி விழுங்கிக்கொண்டாள். "இல்லை ஐயா. தண்ணீரோடு தண்ணீராக வந்துவிட்டேன்."

அவன் நம்பிப் போய்விட்டான். தனியாகக் கக்கியதால்தான் தங்கை போனாள் என்று நீலிக்குப் புரிந்தது. பிறகு தன்னைப் பிளந்து இருவரானாள். இருவர் நால்வராயினர்.

"அக்கா, பசிக்கிறது. விஷத்தை எடுக்கலாமா?" என்றாள் ஒருத்தி.

"கூடாது. ஆளுக்குக் கொஞ்சம் வாசனை மட்டும் விடுங்கள். வாசனை லேசாக இருந்தால் நாம் சிலர்தான் என்று அர்த்தம். மூச்சு முட்டுகிற அளவுக்கு அடர்ந்ததும் எல்லோரும் ஒன்றாகக் கக்குவோம்."

வெளியே பேச்சியின் புருஷன் சடையன், "காலைக் கழுவிட்டுப் போயேன்" என்றான்.

"வலியே இல்ல. தானா ஆறிடும்" என்று அவள் மறுபடி சேற்றில் இறங்கினாள்.

நாளுக்கு நாள் வாசனை ஏறியது. ஒரு மத்தியானம் அது புண் முழுக்க நிறைந்து நின்றது. நீலி எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் விஷத்தைக் கக்கினார்கள். ஓடிவந்த காவலர்கள் வந்த இடத்திலேயே விழுந்தார்கள்.

பேச்சியின் கால் தூண்போல வீங்கியது. நீலமும் பச்சையுமாகச் சீழ் வடிந்தது. காய்ச்சலில் சடையனையே அடையாளம் தெரியவில்லை. அவன் வெந்நீர் வைத்து, புண்ணைக் கீறி, சீழை வழித்து, கழுவிக்கொண்டே இருந்தான். உயிர் தப்பியது. இரண்டு கால்விரல்கள் போயின.

எழுந்து உட்கார்ந்ததும் பேச்சி கேட்டாள், "முன்னெல்லாம் உடனே எரியுமே. இந்தத் தடவை ஏன் சத்தமே காட்டல?"

"இனிமே காட்டாது போல" என்றான் சடையன். "நாமதான் முந்திக்கணும்."

கிருமிகள் தங்கள் கூட்டத்தை வாசனையால் அளந்து, ஆள் சேரும்வரை விஷத்தை ஒளித்துவைப்பது அன்று முதல்தான். மட்டி பொறுக்குகிறவர்கள் வலிக்காத கீறலையும் கழுவிவிட்டு வீட்டுக்குள் நுழைவதும் அன்று முதல்தான்.