புலிக்கொடி பிடித்த சடுகுடுக் குழு

கொன்றையூர்க்காரர்களுக்குச் சடுகுடு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ராஜா வீரகேசரிக்கும் அதே பைத்தியம்தான். அரண்மனைக் குழுவின் ஏழு பேரும் தலைப்பாகையில் கொன்றைப்பூச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினால் ஊரே திரண்டுவிடும்.

இதைப் பார்த்து வயிறெரிந்தவர் தளவாய் ரணபாகு. படைக்கெல்லாம் தலைவர். ஆனால் இருபது வருஷமாக நாட்டில் யுத்தமே இல்லை. அவர் நடத்தும் அணிவகுப்பை நாலு ஆடுகள்தான் நின்று பார்க்கும். பாவம், மனுஷன் எத்தனை நாள் பொறுப்பார்?

ஒருநாள் ராஜாவிடம் போனார். "மகாராஜா, பூ வைத்துக்கொண்டு போனால் எதிரி பயப்படுவானா? நம் குழுவுக்குப் 'புலிப்படை' என்று பெயர் வைப்போம். படையின் புலிக்கொடி, வாள் பொறித்த கைப்பட்டை, போர் முரசு எல்லாம் கொடுப்போம்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அரசவையில் விகடம் பேசிப் பிழைக்கும் பிச்சாண்டிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

"விளையாடப் போகிறவனுக்குப் படை வேஷம் எதற்கு, மகாராஜா?"

"உமக்கு எதிலும் குறைதான்!" என்று ராஜா குழுவைப் படையாக்கும் ஓலையில் முத்திரை வைத்தார்.

மருதங்குளத்தாரோடு ஆட்டம். முரசு அதிர்ந்தது, புலிக்கொடி பறந்தது. தளவாய் பந்தல் நிழலில் சாய்ந்து சுண்டலை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அரண்மனைக் குழுவின் சடையன் மூச்சுப் பிடித்துப் பாடிப் போனான். எதிரணியில் மூன்று பேரைத் தொட்டான். திரும்பி ஒரே ஓட்டமாக ஓடிவந்து கோட்டைத் தொட்டான். வெற்றி! பிச்சாண்டி சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார்.

மறுநாள் காலை தளவாய் சபைக்கு வந்தார், கையில் படைச் சட்ட ஓலையோடு.

"மகாராஜா, சடையன் புலிக்கொடியின் கீழ் நின்றவன். பகைவர் எல்லையிலிருந்து புறமுதுகு காட்டி ஓடிவந்தான். ஊரே பார்த்தது. அரை மீசையை மழித்து அவனை நாடு கடத்த வேண்டும்."

"என்னய்யா இது? சடுகுடுவில் திரும்பி ஓடிவராமல் வேறென்ன செய்வான்?"

"குழுவைப் படை என்று தாங்களே முத்திரை வைத்தீர்கள். படைச் சட்டத்தை வளைக்க மாட்டேன் என்று வருஷா வருஷம் ஆயுத பூஜையில் வாள்மேல் கைவைத்துச் சத்தியமும் செய்கிறீர்கள்."

சத்தியம் ராஜாவின் கையைக் கட்டிவிட்டது. சடையன் மூலையில் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் அவன் பெண்டாட்டிக்கு வளைகாப்பு. அவன் முகத்தைப் பார்த்த பிச்சாண்டிக்குப் பாவமாக இருந்தது. தளவாய்மேல் பொல்லாத கோபமும் வந்தது. ஆனாலும் சிரித்த முகத்தோடு எழுந்தார்.

"தளவாய் சொல்வது நியாயம்தான், மகாராஜா. சட்டம் சட்டம்தானே! ஐயா தளவாயே, நேற்று நடந்தது யுத்தம்தானே?"

"சந்தேகமென்ன? யுத்தமேதான்!"

"களத்தில் நின்றது நம் படைதானே?"

"நம் படைதான்!"

"அப்படியானால் அந்த ஓலையில் அடுத்த வரியையும் படியுங்கள்."

தளவாய் குனிந்து பார்த்தார். படிக்கவில்லை. ஓலையை மடக்கப் பார்த்தார்.

"சரி, நானே படிக்கிறேன்." பிச்சாண்டி ஓலையை வாங்கினார். "படை களத்தில் நிற்கும்போது தளவாய் முன்வரிசையில் நில்லாவிட்டால், முழு மீசையையும் மழித்து நாடு கடத்த வேண்டும். தளவாயே, நேற்றைய யுத்தத்தில் தாங்கள் எந்த வரிசையில் நின்றீர்கள்? சுண்டல் வரிசையிலா?"

சபை கொல்லென்று சிரித்தது. தளவாயின் கை தானாக மீசையை மூடிக்கொண்டது.

"மகாராஜா! அது... அது வெறும் விளையாட்டு! சத்தியமாக விளையாட்டுதான்!"

"கேட்டீர்களா, மகாராஜா? தளவாய் வாயாலேயே வந்துவிட்டது. விளையாட்டுக்கு ஏது படைச் சட்டம்?"

ராஜா பெருமூச்சு விட்டார். "சடையா, நீ வீட்டுக்குப் போய் வளைகாப்பு வேலையைப் பார். பிச்சாண்டி, உமக்கு என்ன வேண்டும்? கேளும்."

"பழையபடி பிள்ளைகள் தலையில் கொன்றைப்பூ இருந்தால் போதும்."

"தந்தேன். அந்தப் புலிக்கொடியை என்ன செய்வது?"

"அது தளவாய்க்கே உரியது, மகாராஜா. அடுத்த ஆட்டத்தில் அவரே அதைப் பிடித்துக்கொண்டு பாடிப் போகட்டும். ஒன்றே ஒன்று, திரும்பி மட்டும் வரக்கூடாது!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்து மடியில் விழுந்தது.