கிணற்றடிப் புளியாரை

தில்லையனுக்குச் சாவு பயம். சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. இதயம் பலவீனம் என்று டாக்டர் சொன்ன அன்றே தூக்கம் போயிற்று. அந்தப் பயத்தைப் பிடுங்கிப் போடச் சொல்லித்தான் ஐம்பத்திரண்டு வயதில் வஞ்சியம்மாவிடம் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

வந்து எட்டு மாதம். உபதேசம் கிடையாது. மத்தியானச் சாப்பாடு மட்டும் உண்டு. அதுவும் தோட்டத்தில் தானாக முளைத்த களைதான். புளியாரை, தரைப்பசலை, எது கிடைக்கிறதோ அது. பச்சையாக நறுக்கி, உப்புத் தூவி, எலுமிச்சை பிழிந்து தட்டில் வைப்பார் குரு. மாடுகூடக் கொஞ்சம் யோசிக்கும்.

அன்றைக்குப் புளியாரை கொழுகொழுவென்று இருந்தது.

"எங்கே பறிச்சீங்கம்மா?"

வஞ்சியம்மா வேலியோரம் கை காட்டினார். சுற்றிலும் வெறும் கட்டாந்தரை. அங்கே மட்டும் பச்சை. ஆள் நீளம், ஆள் அகலம்.

தில்லையனின் வாய் அப்படியே நின்றது.

"அடியில யாரு?"

"என் குரு. முழுங்குங்கண்ணே. துப்பினா கோவிச்சுப்பார்."

"உங்களுக்கு எப்படிம்மா இறங்குது?"

"முதல் வருஷம் வெறும் உப்பைத்தான் நக்கினேன்."

தில்லையன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். பிறகு, இத்தனை நாள் சொல்லாததைச் சொன்னார்.

"கிணத்தடியிலயும் இதே மாதிரி ஒரு இடம் இருக்கும்மா. அங்கே யாரைப் புதைச்சீங்க?"

"அங்கே யாரும் இல்லையே."

"நான் வந்த மறுநாள்லேருந்து முளைக்குது. தினம் விடியறப்ப வேரோட பிடுங்கிடறேன். அடுத்த நாள் பார்த்தா அதே இடம், அதே அளவு. ஒரு இலை கூடல, குறையல."

வஞ்சியம்மா மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து பக்கத்துல படுத்துப் பார்த்தேன்." தில்லையனின் குரல் இறங்கியது. "சரியா என் உயரம்."

வேலியோரத்துப் பச்சை அசைந்தது. காற்று இல்லை.

"அதை எப்படிம்மா நிறுத்தறது?"

வஞ்சியம்மா தட்டை வழித்து முடித்தார். மீதியிருந்த அரை எலுமிச்சையைக் கிண்ணத்தால் மூடிவைத்தார்.

"நாளைக்குப் பிடுங்காதீங்கண்ணே. ருசி எப்படி இருக்குன்னு பார்ப்போம்."