இறுக்கிக் கட்டிய விறகு

"அம்மா, விறகு மொத்தமும் வீணாப்போச்சு. நான் கீழே இறங்கிப் போயிடுறேன்."

வெள்ளைக்கண்ணு வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மேல்மலையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவள்தான் குரு. வெள்ளைக்கண்ணுவுக்கு அறுபத்தொன்று, அவளைவிட இருபது வயது மூத்தவர். மனைவி பூரணம் இறந்த பிறகு லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு, ஆடி மாதம் மலையேறி வந்தார். உபதேசம் கேட்டு வந்தவருக்கு அவள் கொடுத்தது ஒரே வேலை. மார்கழிப் பனிக்கு விறகு சேர்ப்பது.

"என்ன ஆச்சு அண்ணே?"

"வந்து பாருங்க."

கொட்டகைக்குப் பின்னால் அடுக்கு திறந்து கிடந்தது. மலைச்சரிவில் வளரும் சீகை மரத்தை வெட்டிய ஈரத்தோடு அடுக்கி, ஐப்பசி மழைக்கு முன்பே தார்ப்பாய் போர்த்தி, தரைவரை இழுத்து, கயிறு போட்டு இறுக்கியிருந்தார். லாரிக்காரர் கட்டு. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. உள்ளே இருந்த ஈரமும் வெளியே போகவில்லை.

கட்டையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். கையில் எடுத்தால் வழுக்கியது.

"இன்னும் பத்து நாள்ல உறைபனி. உள்ளே மூணு கிழவிங்க இருக்காங்க." என்றார் அவர்.

உலகம்மை முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒரு கட்டையைத் தூக்கி வெயிலில் போட்டாள்.

இன்னொன்று.

இன்னொன்று.

வெள்ளைக்கண்ணுவும் குனிந்தார்.

பிளந்தார்கள், பரப்பினார்கள், பகலெல்லாம் புரட்டினார்கள். அந்த வருடம் பனி முந்திக்கொண்டது. மடத்தில் சமையலுக்கு மட்டும்தான் நெருப்பு. உலகம்மை தன் கம்பளியை மூத்த கிழவிக்குக் கொடுத்துவிட்டாள். காலையில் அவள் உதடு வெடித்திருக்கும். வெள்ளைக்கண்ணு பார்க்காததுபோலக் கட்டையைப் புரட்டுவார்.

புரட்டிக்கொண்டே ஒருநாள் பேச ஆரம்பித்தார். பூரணத்துக்கு டீசல் வாடையே ஆகாது. ஆனாலும் ஒரு தடவை நாக்பூர் வரைக்கும் கூடவே வந்தாள். வழியெல்லாம் வாந்தி. ஊர் திரும்பி, எல்லாரிடமும் ஆரஞ்சுத் தோட்டம் பார்த்ததை மட்டும்தான் சொன்னாள்.

உலகம்மை கேட்டுக்கொண்டே புரட்டினாள்.

பன்னிரண்டாம் நாள், ஒன்றோடொன்று தட்டினால் கட்டை கணீரென்றது. கல் பரப்பி, அதன்மேல் இடைவெளி விட்டு அடுக்கினார்கள். உலகம்மை தார்ப்பாயை உச்சியில் மட்டும் போட்டாள்.

"பக்கத்தில சாரல் அடிக்குமே அம்மா."

"அடிக்கட்டும். காத்தும் வரும்ல?"

அன்று மாலை கணப்பு எரிந்தது. கிழவிகள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். "நல்லா இருப்பே மவராசா" என்றாள் மூத்தவள்.

வெள்ளைக்கண்ணுவால் அதைத் தாங்க முடியவில்லை. உலகம்மையின் பக்கம் திரும்பினார்.

"நான் கட்டும்போது நீங்க அங்கே வந்து நின்னீங்க. இப்படி மூடினா கெட்டுப்போகும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா."

"சொல்லத்தான் வந்தேன் அண்ணே."

உலகம்மை ஒரு கட்டையை நெருப்புக்குள் தள்ளி வைத்தாள்.

"மூணு மாசமா வாயே திறக்காத மனுஷன், கயித்தை இழுத்துக்கிட்டே பாடிக்கிட்டிருந்தீங்க. விறகைப் பின்னாடிகூடக் காயவெச்சுக்கலாம்னு திரும்பிட்டேன்."