புள்ளி நாயும் கடலைக் கொல்லையும்

சாத்தங்குறிச்சியில் முட்டாள்கள் என்று பார்த்தால் மூன்றே பேர்தான். மற்ற நாங்களெல்லாம் அவர்களிடம் போய் யோசனை கேட்கிறவர்கள்.

மூவரில் மூத்தவன் வெள்ளைக்கண்ணு. ஒன்றரை ஏக்கர் கடலைக் கொல்லைக்குச் சொந்தக்காரன். அடுத்தவன் அவன் பெண்டாட்டியின் தம்பி அடைக்கலம். யோசிக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். திறந்தால் யோசனை வெளியே போய்விடுமாம். மூன்றாமவன் சின்னாண்டி. மற்றவர்கள் எதைச் சொன்னாலும் கேட்டுவிட்டு, "ஆமா, சரியாத்தான் இருக்கு" என்று தீர்ப்புக் கொடுப்பது அவன் வேலை.

அந்த வருஷம் கடலை விதைத்த மறுநாளே மயில் கூட்டம் வந்தது. பருப்பை ஒவ்வொன்றாகக் கிளறித் தின்றுவிட்டு, தோகையை விரித்து ஓர் ஆட்டமும் ஆடிவிட்டுப் போயிற்று. வெள்ளைக்கண்ணு வரப்பில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தான். இரண்டாவது முறை விதைத்தான். அதுவும் போயிற்று. "முன்னதை விட இன்னைக்கு ஆட்டம் பிரமாதம்" என்று வீட்டில் வந்து சொன்னான்.

அவன் பெண்டாட்டி செவந்தி முறத்தைக் கீழே வைத்தாள்.

"யோவ், பானையில இருக்கிறது கடைசி விதை. இதுவும் விளைஞ்சு வீடு வந்து சேரலேன்னு வையி, உனக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதை மேல ஏத்தி, ஊரைச் சுத்தி வரவைப்பேன். எங்க அப்பன் மேல சத்தியம்!"

அப்பன் மேல் சத்தியம் செய்தால் செவந்தி தவற மாட்டாள். போன வருஷம் இப்படித்தான், "பாட்டை நிறுத்தலேன்னா ரேடியோவைக் கிணத்துல போடுவேன்" என்றாள். ரேடியோ இன்னும் கிணற்றில்தான் இருக்கிறது.

மூன்று பேரும் புளியமரத்தடியில் கூடினார்கள்.

"மயிலை அடிக்கக் கூடாது மாமா. முருகன் வாகனம்" என்றான் அடைக்கலம், கண்ணை மூடிக்கொண்டு.

"நாம எதுக்கு அடிக்கணும்? நாய் விரட்டட்டும்" என்றான் வெள்ளைக்கண்ணு.

"நாய் மட்டும் என்னவாம்? அது பைரவர் வாகனம்."

"அப்போ அது சாமிக்கும் சாமிக்கும் உள்ள விவகாரம். நடுவுல நாம எதுக்கு?"

"ஆமா, சரியாத்தான் இருக்கு" என்றான் சின்னாண்டி.

கொல்லைக் காவலுக்கு நாய் என்றால் மற்ற ஊர்க்காரன் கோம்பை நாய் தேடுவான், ராஜபாளையம் தேடுவான். இவர்களுக்கு டவுனில் ஒரு பங்களாவில் நாய் சும்மா கிடைக்கிறது என்று சேதி வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மகனோடு இருக்கப் பட்டணம் போகிறார். நாயை யாராவது நல்லவர்களிடம் விட வேண்டும். நல்லவர்கள் என்றுதான் கேட்டார், வேறு தகுதி எதையும் கேட்கவில்லை.

வெள்ளை வெளேரென்று உடம்பு, அதில் உச்சி முதல் வால் வரை கறுப்புப் புள்ளி. டால்மேஷன் என்றார் பெரியவர். மெத்தையில் படுத்து, பிஸ்கட் தின்று வளர்ந்த நாய்.

"ரெண்டே விஷயம்தான்பா" என்றார். "ஒண்ணு, நல்லா ஓட விடணும். வெள்ளைக்காரன் சாரட்டு வண்டி கூடவே ஓடின வம்சம். ஓட்டம்தான் இதுக்குச் சோறு. ரெண்டு, எதை விரட்டணுமோ அதை ஒரு தடவை விரட்டிக் காட்டுங்க. பிடிச்சுக்கும். அப்புறம் மறக்கவே மறக்காது."

ஊர் எல்லைக்கு வந்ததும் வெள்ளைக்கண்ணு நாயை உற்றுப் பார்த்தான்.

"மாப்ளே, புள்ளைக்குத் திஷ்டி படக்கூடாதுன்னு கன்னத்துல ஒரு பொட்டு வைப்போம். இதுக்கு உடம்பு பூரா வச்சிருக்காங்களே!"

"அழகான நாய் மாமா. பாக்கிற ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு பொட்டு வச்சிருப்பாங்க."

"நேத்து வச்ச பொட்டு. அழிச்சுட்டுப் புதுசா வைக்கணும்."

பம்புசெட்டுத் தொட்டியில் இறக்கி, சீயக்காய் போட்டு, தேங்காய் நாரால் மத்தியானம் வரை தேய்த்தார்கள். நாய்க்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு புள்ளிகூடப் போகவில்லை. மூன்று பேர் கையிலும்தான் தோல் போயிற்று.

"பெரியவர் வீட்டம்மா நல்ல மையா வச்சிருக்காங்க" என்றான் அடைக்கலம் மரியாதையோடு.

அன்றிலிருந்து நாய்க்குப் பொட்டு என்றே பேர்.

ஓட்டம்தான் சோறு என்று பெரியவர் சொன்னபடி, பொட்டுவுக்குச் சோறு வைக்கவே இல்லை. காலையில் மூன்று சுற்று ஓட்டம், சாயங்காலம் மூன்று சுற்று. தனியாக ஓடினால் அதற்கு வெட்கமாக இருக்குமே என்று மூன்று பேரும் கூடவே ஓடினார்கள். ஓடி முடித்ததும் கூழ்க் கலயத்தைத் திறந்து வைத்துவிட்டு, மூச்சு வாங்க மல்லாந்து விழுவார்கள். எழுந்து பார்த்தால் கலயம் கழுவி வைத்த மாதிரி இருக்கும். கருவாட்டுத் துண்டையும் காணோம்.

பத்தே நாளில் மூன்று பேரும் விறகாக இளைத்தார்கள். பொட்டு பளபளவென்று கொழுத்தது.

"பாத்தியா, வெறும் ஓட்டத்துல எவ்வளவு சத்து!" என்று வியந்தான் வெள்ளைக்கண்ணு. "நமக்குத்தான் ஒட்டவே மாட்டேங்குது."

கடைசி விதையை விதைத்த அன்று, விரட்டிக் காட்டும் வேலை வந்தது. பார்த்தால் ஒரு மயிலையும் காணோம். தேவையில்லாத அன்றைக்குத்தான் அது வரும்.

"மயில் இல்லாம மயிலை எப்படி விரட்டிக் காட்டுறது?" என்றான் சின்னாண்டி. அவன் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

அடைக்கலம் கண்ணை மூடினான். வெகு நேரம் கழித்துத் திறந்தான். "மாமா, நீங்கதான் மயில்."

கொல்லையில் உதிர்ந்து கிடந்த மயிலிறகையெல்லாம் பொறுக்கி வெள்ளைக்கண்ணுவின் இடுப்பில் கட்டினார்கள். அவன் குனிந்து மண்ணைக் கொத்தினான். அகவச் சொன்னார்கள், அகவினான். மற்ற இருவரும், "பொட்டு, பாத்துக்கோ! இதுதான்! விடாதே!" என்று கம்பை எடுத்துக்கொண்டு விரட்டினார்கள். பொட்டு தலையைச் சாய்த்துக் கவனமாகப் பார்த்தது.

ஒருத்தனே ஓடினால் நியாயமில்லை என்று, அடுத்து அடைக்கலம் மயிலானான். பிறகு சின்னாண்டி.

சொன்ன மாதிரியே பொட்டு பிடித்துக்கொண்டது. மறுநாள் வந்த மயில்கள் தரையில் கால் வைக்கவில்லை. வெள்ளைக்கண்ணு கால் வைத்தான். முழங்காலுக்குக் கீழே வேட்டியைக் காணோம். அடைக்கலத்தை வேலி வரைக்கும் விரட்டியது. சின்னாண்டி வேலியையும் தாண்டினான்.

வரப்புக்கு வெளியே நின்றால் காலை நக்கும். வரப்புக்குள் வைத்தால் அதே காலைக் கவ்வும். செவந்தி மட்டும் தாராளமாகப் போய்க் களை எடுத்து வந்தாள். அவள் மயிலாக நடித்தவள் இல்லையே.

கடலை ஜோராக விளைந்தது. ஒரு பருப்புக்குக்கூடச் சேதமில்லை. சொந்தக்காரன் மூன்று மாதம் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பறிக்கிற நாள் வந்தது. மேற்கே மேகம் கட்டியிருந்தது.

"யோவ், மழை விழுந்தா மண்ணுக்குள்ளேயே முளைச்சுப்போயிடும். நாளைக்கே பறிச்சாகணும். விடியும்போது நீ கொல்லையில நிக்கணும்" என்றாள் செவந்தி.

"நாய் விட மாட்டேங்குதே!"

"வேலைன்னா உனக்கு நாய் விடாது, பேய் விடாது! நாளைக்கு வரலேன்னா நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? அப்பன் மேல சத்தியம் பண்ணியிருக்கேன்."

வெள்ளைக்கண்ணு கணக்குப் போட்டுப் பார்த்தான். விளையாமல் போனாலும் கழுதை. விளைந்து பறிக்காமல் போனாலும் கழுதை. மறுபடி புளியமரத்தடி.

"மாமா, அது நம்மளை மயில்னு நினைக்குது. நாய்னு நினைச்சா விட்டுடும்."

"எப்படி நினைக்கும்?"

"சுண்ணாம்பைப் பூசுவோம். அடுப்புக்கரியால புள்ளி வைப்போம்."

"ஆமா, சரியாத்தான் இருக்கு. கொஞ்சம் செங்காவியும் வைப்போம்ணே. முகத்துக்கு எடுப்பா இருக்கும்."

விடிந்ததும் பூசிக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து, அடையாளமே தெரியவில்லை என்று சந்தோஷப்பட்டார்கள். அப்புறம்தான் வெள்ளைக்கண்ணு கீழே பார்த்தான்.

"அதுக்கு நாலு காலு. நமக்கு ரெண்டுதானே?"

"நானும் சின்னாண்டியும் கையைப் பிடிச்சுக்கிட்டா நாலு."

"நான்?"

செங்கல் சூளையில் ஒரு கழுதை சும்மா நின்றது. கேட்டு வாங்கி வந்து ஏறி உட்கார்ந்தான்.

"மாமா, உங்க காலை மடக்கிக்குங்க. தொங்கவிட்டா மொத்தம் ஆறு. வண்டுன்னு நினைச்சுக்கும்."

சூளையிலிருந்து கொல்லைக்கு ஊர் நடுவே ஒரே வழி. உடம்பெல்லாம் கரும்புள்ளி செம்புள்ளியோடு, காலை மடக்கிச் சம்மணம் போட்டுக் கழுதை மேல் வெள்ளைக்கண்ணு வந்தான். பின்னால் கைகோத்து இருவர். நாங்கள் அத்தனை பேரும் "பாவம், பாவம்" என்று வாசலுக்கு ஓடி வந்தோம்.

"அடப்பாவி! என்னடா தப்புப் பண்ணினே?"

"தப்பு ஒண்ணும் பண்ணலீங்க" என்றான் கம்பீரமாக. "வெள்ளாமை நல்லா விளைஞ்சுபோச்சு."

கொல்லையில் பொட்டு எழுந்து நின்றது. ஒரு தடவை சுற்றி வந்து மோந்தது. அதற்கு என்ன தோன்றியதோ, அப்படியே உட்கார்ந்து வாலை ஆட்டியது. கழுதை வரப்பைத் தாண்டி உள்ளே போயிற்று. மூன்று மாதத்துக்குப் பிறகு வெள்ளைக்கண்ணு தன் கொல்லைக்குள் நுழைந்தான்.

செவந்தி கூடையோடு நிமிர்ந்தாள். பார்த்தாள். கூடை கீழே விழுந்தது.

"அட என் சாமி! வெள்ளாமை கெட்டாத்தானே நான் இதைச் செய்யிறேன்னேன்?"

"அதைத்தான் வழியெல்லாம் நினைச்சுக்கிட்டு வந்தேன். ஜெயிச்சதுக்கே இந்தப் பாடுன்னா, தோத்திருந்தா என் கதி என்னவாயிருக்கும்! சரி சரி, பறிக்கலாம். அதுக்கு முன்னால எனக்கு ஒரு திஷ்டிப் பொட்டு வையி. ஊர்க் கண்ணே என் மேலதான் பட்டிருக்கு."

செவந்தி கரித்துண்டை எடுத்தாள். நெற்றியில் தேடினாள், கன்னத்தில் தேடினாள், உள்ளங்காலில்கூடத் தேடினாள். ஒரு பொட்டு வைக்க இடமில்லை. கடைசியில் கழுதையின் கன்னத்தில் வைத்துவிட்டுக் கடலை பறிக்கப் போனாள்.

"அதுதான்க்கா சரி" என்றான் அடைக்கலம், கண்ணை மூடிக்கொண்டு. "வழியெல்லாம் அதைப் பாத்துத்தான் ஊரே 'பாவம், பாவம்'னு சொல்லுச்சு."