வழுக்கு மரத்து உச்சியில் ஒரு கைத்துப்பாக்கி

ஓலைக்குடிக்காட்டுக்காரர்கள் சட்டத்தை மீறினார்கள் என்று இன்றுவரை யாரும் புகார் சொன்னதில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அவர்களிடம் உள்ள தொல்லையே அதுதான். ஒருமுறை நர்ஸம்மா வந்து, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரத்துக்கு ஊரே நாக்கு வெந்து பேச்சில்லாமல் கிடந்தது. ஆறவைக்கச் சொல்லவில்லையே.

அந்த ஊர்க் கண்ணன் கோயிலில் வருஷா வருஷம் உறியடியும் வழுக்கு மரமும் நடக்கும். மூன்று வருஷத்துக்கு முன் எவனோ வெளியூர்க்காரன், கூட்டத்துக்கு நடுவே இடுப்பிலிருந்து கைத்துப்பாக்கியை உருவி வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டான். வானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. திருவிழாவுக்குத்தான் அனுமதி போய்விட்டது. ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் குப்புறப் படுத்துவிட்டதால், துப்பாக்கி எப்படி இருந்தது என்றுகூட ஒருவருக்கும் தெரியாது.

இந்த வருஷம் எஸ்.ஐ. தணிகாசலம் மனசு இரங்கி அனுமதி கொடுத்தார். கொடுக்கிற அன்று விழாக் கமிட்டியைக் கோயில் மண்டபத்தில் உட்காரவைத்து, ஒரு மணி நேரம் சட்டம் சொன்னார். கமிட்டியில் நான்கு பேர். நாற்காலி வாடகைக்கு விடும் உத்திராபதி தலைவர். பேனா வைத்திருந்த மாசிலாமணி செயலாளர். பலசாலி என்பதால் அஞ்சாபுலி வாசல் காவல். பெண்கள் வரிசையைப் பார்த்துக்கொள்ள, ஊரே பயப்படுகிற பவுனாம்பாள்.

"கைத்துப்பாக்கியை மறைச்சு வெச்சுக்கிட்டு ஒருத்தனும் திருவிழாவுக்குள்ள வரக் கூடாது. லைசென்ஸ் இருந்தாலும் கூடாது. எழுதிக்கிட்டீங்களா?" என்றார் எஸ்.ஐ.

மாசிலாமணி எழுதிக்கொண்டார்.

"யாரா இருந்தாலும் வாசல்லயே சோதிச்சுடணும். நான் யாரு தெரியுமான்னு கேக்குறவனை ரெண்டு தடவை சோதிக்கணும். பிடிபட்டா ரசீது குடுத்து வாங்கி வெச்சுக்கணும். எல்லார் கண்ணுலயும் படணும், எவன் கைக்கும் எட்டக் கூடாது, அப்படி ஒரு இடத்துல வைங்க. திருவிழா முடியிற வரைக்கும் யார் கேட்டாலும் குடுக்கக் கூடாது. நானே வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாது."

"நீங்களே வந்து கேட்டாலும்," என்று சொல்லிக்கொண்டே அதையும் எழுதினார் மாசிலாமணி. எஸ்.ஐ. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு துப்பாக்கி உள்ளே வந்தாலும் இந்த ஊரில் இனி வழுக்கு மரமே கிடையாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் ஜீப்பில் ஏறியபோதுதான் அஞ்சாபுலிக்குச் சந்தேகம் வந்தது. ஓடிப்போய்க் கேட்டான்.

"ஐயா, கைத்துப்பாக்கி எப்படிங்க இருக்கும்?"

"கறுப்பா, கையளவு இருக்கும். கனமா இருக்கும். இடுப்புல சொருகியிருப்பான். போய்யா."

திருவிழா அன்று காலை ஒன்பது மணிக்குச் சோதனை ஆரம்பமானது. பத்து மணிக்குள் பதினான்கு செல்போன்களும், மூன்று பூட்டுகளும், நாதஸ்வரக்காரரின் வெற்றிலைப் பெட்டியும் பிடிபட்டன. எல்லாமே கறுப்பு, கையளவு, கனம். நாதஸ்வரக்காரர் வெற்றிலை இல்லாமல் வாசிக்கமாட்டேன் என்று சண்டை பிடித்தார். அதனால் அவருக்கு மட்டும் பாக்கு தனியாக, வெற்றிலை தனியாகக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

பக்கத்து ஊர் மாயாண்டி முழ நீள அறுவாளைக் கையில் பிடித்தபடி வந்தார். கமிட்டி கூடிப் பேசியது.

"அறுவாளைப் பத்தித் தாள்ல ஏதாவது இருக்கா?" என்றார் உத்திராபதி.

"இல்லீங்க தலைவரே. அதோட அவர் மறைக்கவும் இல்லை."

"அப்ப உள்ள விடு. நேர்மையான மனுஷன்."

பொம்மைக் கடைக்காரன் அறுபது விளையாட்டுத் துப்பாக்கிகளைக் கம்பில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். ஒன்றைக்கூட அவன் மறைக்கவில்லை. அவனையும் விட்டார்கள்.

பல்லக்கில் சாமி வந்தது. யாராக இருந்தாலும் என்று தாளில் இருந்ததால், பல்லக்கை இறக்கச் சொல்லி மாலைகளை விலக்கிக் கண்ணனையும் சோதித்தார்கள். கையில் ஓர் உருண்டை வெண்ணெய்தான் இருந்தது. கறுப்பாக இருந்தது சாமிதான், வெண்ணெய் இல்லை என்று பவுனாம்பாள் எடுத்துச் சொன்னபிறகு கண்ணனும் உள்ளே போனார். அர்ச்சகர் மட்டும் நெடுநேரம் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மதியம் இரண்டு மணிக்கு எஸ்.ஐ. தணிகாசலம் வந்தார். பிக்பாக்கெட்காரர்களைப் பிடிக்க வேண்டும் என்று வேட்டி சட்டையில் வந்திருந்தார். அஞ்சாபுலி அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இடுப்பைத் தடவினான். சட்டைக்கு உள்ளே கறுப்பாக, கையளவில், கனமாக ஒன்று இருந்தது.

"ஐயா, இது என்னங்க?"

"என் துப்பாக்கிய்யா. டூட்டியில இருக்கேன்."

அஞ்சாபுலியின் முகம் மலர்ந்துபோயிற்று. காலையிலிருந்து பூட்டும் போனும் பிடித்துச் சலித்திருந்தவன், கடைசியில் அசலைப் பார்த்துவிட்டான். கமிட்டியே ஓடிவந்தது.

"டூட்டியில இருக்கிறவங்களைப் பத்தித் தாள்ல இல்லீங்களே," என்றார் மாசிலாமணி.

"யோவ், நான் யாரு தெரியுமா?"

கேட்டிருக்கக் கூடாது. இரண்டாவது தடவையும் சோதித்தார்கள். சட்டைப்பையில் ஆறு குண்டுகள் இருந்தன. குண்டைப் பற்றித் தாளில் எதுவும் இல்லாததால், அவற்றை எண்ணி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். துப்பாக்கிக்கென்றே புதுப் புத்தகம் எடுத்து ரசீது எழுதினார்கள். எண் ஒன்று, நிறம் கறுப்பு, உடையவர் எஸ்.ஐ. ஐயா.

"விளையாடாதீங்க. நாலு மணிக்கு டி.எஸ்.பி. அம்மா வராங்க. துப்பாக்கியைப் பறிகொடுத்துட்டு நின்னா அப்பவே சஸ்பெண்டு. எனக்கு மூணு பொண்ணு இருக்கு, ஐயா. குடுத்துடுங்க," என்றார் எஸ்.ஐ.

உத்திராபதிக்குக் கண் கலங்கிவிட்டது. "கேக்கவே கஷ்டமா இருக்குங்க ஐயா. ஆனா நீங்களே வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு நம்ம எஸ்.ஐ. ஐயா கையெழுத்துப் போட்டிருக்காருங்களே."

எஸ்.ஐ. தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வாடகை நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கமிட்டி அடுத்த வேலையைப் பார்த்தது. எங்கே வைப்பது?

"உண்டியல்ல போட்டுடலாம்," என்றான் அஞ்சாபுலி.

"அது மறைச்சு வைக்கிறதாச்சே. அப்புறம் உண்டியலை நாமளே பிடிக்கணும்," என்றாள் பவுனாம்பாள்.

"மண்டபத்துத் தூண்ல மாட்டினா?"

"கைக்கு எட்டும்."

கோயில் வாசலில் வழுக்கு மரம் படுக்கப்போட்டுக் கிடந்தது. நாற்பதடி. விளக்கெண்ணெயும் கற்றாழைச் சாறும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, உச்சியில் பரிசு முடிச்சைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான்கு பேரும் ஒரே நேரத்தில் அந்த உச்சியைப் பார்த்தார்கள். எல்லார் கண்ணிலும் படும். எவன் கைக்கும் எட்டாது. எஸ்.ஐ. தலையிலிருந்து கையை எடுப்பதற்குள் துப்பாக்கியை முடிச்சோடு சேர்த்துக் கட்டி, முப்பது பேர் கயிறு பிடித்து, மரத்தை நட்டுவிட்டார்கள்.

"இறக்குங்கடா," என்று கத்திக்கொண்டே வந்தார் எஸ்.ஐ.

"நட்ட மரத்தை எவனாவது ஏறி முடிச்சை அவுக்காம சாய்க்கிற வழக்கம் இல்லீங்க. சாமி குத்தம் ஆயிடும்," என்றார் உத்திராபதி.

"அப்ப நான் என்னய்யா பண்றது?"

கமிட்டி தள்ளிப்போய்க் குசுகுசுவென்று பேசியது. பிறகு மாசிலாமணி தாளை விரித்துக் காட்டினார். "கேட்டா குடுக்கக் கூடாதுன்னுதாங்க இருக்கு. நீங்களா ஏறி எடுத்துக்கிட்டா அது குடுத்ததா ஆகாது. சட்டம் இடம் குடுக்குதுங்க."

மணி மூன்று. ஐம்பத்திரண்டு வயதில், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, தணிகாசலம் வழுக்கு மரத்தைக் கட்டிப்பிடித்தார்.

ஏறுகிறவன்மேல் தண்ணீர் ஊற்றுவது அந்த ஊர் வழக்கம். எஸ்.ஐ. என்பதற்காகக் குறைத்து ஊற்றி அவரை அவமதிக்க ஊர்க்காரர்களுக்கு மனம் வரவில்லை. இரண்டு வாளி கூடுதலாகவே ஊற்றினார்கள். ஆறடி ஏறினார், எட்டடி இறங்கினார். மீதி இரண்டடி சேற்றுக்குள் போனது. ஐந்து தடவை இப்படியே ஆயிற்று. மேளக்காரர்கள் ஒவ்வொரு சறுக்கலுக்கும் தாளத்தை முடித்து ஒரு தீர்மானம் வைத்தார்கள்.

அந்த மனிதர் மூச்சு வாங்குவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கமிட்டியாலும் பொறுக்க முடியவில்லை. எடுக்க உதவக் கூடாது என்று தாளில் இல்லையே என்று கண்டுபிடித்ததும் நான்கு பேரும் ஓடினார்கள். அடியில் அஞ்சாபுலி நின்றான். அவன் தோளில் உத்திராபதி, அவர் தோளில் மாசிலாமணி. பவுனாம்பாள் தண்ணீர் ஊற்றுகிறவர்களை விளக்குமாற்றால் விரட்டிக்கொண்டிருந்தாள். அந்த மூன்று பேர் தோளையும் மிதித்து ஏறி, மரத்தைக் கையாலும் காலாலும் பல்லாலும் பிடித்து, நான்கு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது எஸ்.ஐ. துப்பாக்கியைத் தொட்டுவிட்டார். கூட்டம் விசிலடித்தது. மேலே இருந்தபடியே முடிச்சை அவிழ்த்துக்கொண்டு அவர் அழுதார்.

இறங்குவதற்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் துப்பாக்கியை இடுப்பில் செருகிச் சட்டையை இழுத்து மேலே விட்டுக்கொண்டார். சர்ரென்று சறுக்கித் தரைக்கு வந்தார். எழுந்து நின்றபோது எதிரே கமிட்டி நின்றது.

அஞ்சாபுலி மரியாதையாக அவர் இடுப்பைத் தடவினான்.

"தலைவரே, மறைச்சு வெச்சிருக்காரு."

"வாசல் வழியா கொண்டு வரலையே. மேல இருந்துதானே வந்திருக்காரு," என்றார் உத்திராபதி, கொஞ்சம் இரக்கத்தோடு.

மாசிலாமணி தாளைப் பார்த்தார். "எந்த வழியான்னு போடலீங்க. உள்ளன்னுதான் போட்டிருக்கு."

ரசீது எண் இரண்டு. எஸ்.ஐ. தானாகவே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். முடிச்சு அவிழ்ந்துவிட்டதால் மரத்தைச் சாய்க்கத் தடையில்லை. முப்பது பேர் மறுபடி கயிறு பிடித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் வந்து நின்றது. டி.எஸ்.பி. அம்மா கண்ணனுக்கு அர்ச்சனை செய்யப் பட்டுப்புடவையில், தேங்காய்த் தட்டோடு இறங்கினார். பவுனாம்பாள் முன்னே போய் நின்று அவருடைய கைப்பையை வாங்கித் திறந்து பார்த்தாள். அங்கே என்ன பேச்சு நடந்தது என்று எஸ்.ஐ.க்குக் கேட்கவில்லை. ஆனால் அம்மா "நான் யாரு தெரியுமா?" என்று கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. எஸ்.ஐ. கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது மரம் நிமிர்ந்து நின்றது. எண்ணெய் புதிதாக மினுங்கியது. உச்சியில் இரண்டு துப்பாக்கிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. டி.எஸ்.பி. அம்மா மூன்றாம் எண் ரசீதைக் கையில் பிடித்தபடி வந்து எஸ்.ஐ. பக்கத்தில் நின்றார். சேறும் எண்ணெயுமாக நின்ற அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"தணிகாசலம்," என்றார் மெதுவாக. "எந்தப் பக்கம் வழுக்கல் கொஞ்சம் கம்மி?"