தானாக எண்ணிய சக்கரம்

ஜன்னல் இல்லாத லேப். மாணவர்கள் செய்த ரோபோ மேசைமேல் அசையாமல் நிற்கிறது. ஆனால் சக்கரம் சுற்றினால் மட்டும் எண்ணவேண்டிய என்கோடர், தானாக எண்ணிக்கொண்டிருக்கிறது. திரையில் நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு... கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று நடந்து வருவதுபோல. மாணவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

பேராசிரியர் வைத்தியலிங்கம், லேப் பெருக்கும் அஞ்சுகத்தின் மேல் பாய்ந்தார். “விளக்குமாத்தால எதையோ தட்டிவிட்டிருக்கே! மூணு மணிக்கு ஆய்வுக் குழு வருது. அதுக்குள்ள இது நிக்கலேன்னா உனக்கு வேலை இல்லே.”

“இந்த எண்ணுற கருவியை மாட்டினது யாரு சார்?”

“நானேதான். ஒருத்தரையும் தொட விடலே.”

அஞ்சுகம் டியூப்லைட்டை அணைத்தாள். இருட்டில் திரையில் எண் அப்படியே நின்றது. லைட்டைப் போட்டாள். மறுபடி ஓடியது. ஒரு மாணவி வீறிட்டாள்.

“பேய் இருட்டுலதான் அலையும்பாங்க. இது வெளிச்சத்துல அலையுது சார். டியூப்லைட் கண்ணுக்குத் தெரியாம மினுக்குறதை இது எண்ணுது. வெளிச்சம் உள்ளே விழாம அந்தப் பக்கத்துச் சக்கரத்துக் கருவிக்குக் கறுப்பு மூடி இருக்கு. இதுக்கு இல்லே.”

“அது எங்கே போச்சு?”

“உங்க மேசையைத் தினமும் துடைக்கிறவ நான். அந்த மூடியிலதான் குண்டூசி போட்டு வெச்சிருக்கீங்க.”